அவிச்ச மாவும் விசா இல்லாத சீனாவும்

விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைவது எனக்குப் புதிதல்ல. அனுமதியோடு அப்படி நுழைவதுதான் புதிது. இருபத்தேழு வருடங்களுக்கு முன்னர் பிரான்சுக்கு வந்து இறங்கியபோது என்னிடம் விசா இல்லை. கையில் இருந்த கடவுச்சீட்டின் படமும் என்னுடையதல்ல. படத்தில் இருந்தவருக்கு மீசை இருந்தபடியால் நானும் ஒன்று வளர்த்தேன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. மீசையை மட்டும் ஒரு மரியாதைக்காக வைத்திருக்கிறேன்.

ஆகவே, இப்போது என்னைப்போல் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முப்பது நாள்வரை விசா இல்லாமலே சீனாவுக்குப் போய்வரலாம் என்ற கதை பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து சேர்ந்தபோது, அதை முதலில் நம்பாதவன் நான்தான். அதற்கு என் தொழிலும் ஒரு காரணம். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்மூலையில் மேசை போட்டுச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வீட்டு விண்ணப்பம், வதிவிட அட்டை கொடுக்கும் பிரெபெக்சருக்குக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு, விசா. விசாவே வேண்டாம் என்று ஒரு பெரிய நாடு அறிவித்தால் என் நிலை என்ன? ஊர் முழுக்கத் தாடி வளர்ப்பதைக் கண்ட சலூன்காரனின் நிலை.

கடை முதலாளி ரவியண்ணைக்கும் சந்தேகம்தான்.

“சும்மா வா எண்டு ஒருத்தனும் கூப்பிடமாட்டான் குகன். உள்ளுக்கை ஏதோ இருக்கு.”

“என்ன இருக்கும் அண்ணை?”

“அது எங்களுக்குத் தெரிஞ்சால் அவன் ஏன் கூப்பிடுறான்?”

இந்த வாதத்தை என்னால் இன்றுவரை முறியடிக்க முடியவில்லை.

வீட்டில் மகளிடம் கேட்டேன். இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். அன்று சொன்னதன் சாரம் இது: “அப்பா, அது ஒரு விதி. விதியை வாசிக்க வேண்டும், அதன்படி நடக்க வேண்டும். அவ்வளவுதான்.” விதியை வாசித்து அதன்படி நடந்தால் போதும் என்று நம்புகிற தலைமுறை. பாவம்.

இருந்தாலும் வாசித்தேன். சாதாரணக் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். வியாபாரம், சுற்றுலா, உறவினர் நண்பர்களைப் பார்ப்பது, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குவது, எதற்காகவும் போகலாம். வேலை செய்யக் கூடாது. முப்பது நாளைத் தாண்டக் கூடாது. இந்தச் சலுகை இன்ன திகதி வரைதான் என்று ஒரு வரி. பிறகு அந்தத் திகதியை நீட்டியதாக இன்னொரு வரி. எங்கள் சேலைக்கடைகளில் ‘கடைசி நாள் மலிவு விற்பனை’ வருடக்கணக்காக நடப்பது நினைவுக்கு வந்தது. சந்தேகம் இரட்டிப்பானது.

இந்த நேரத்தில்தான் வசந்தி அக்கா என் மேசைக்கு வந்தார்.

வசந்தி அக்காவைத் தெரியாதவர்கள் லா சப்பலில் இருக்கலாம். அவருடைய இடியப்பத்தைத் தெரியாதவர்கள் இல்லை. வன்னியிலிருந்து வந்தவர். சின்னச் சமையலறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, நாலைந்து சாப்பாட்டுக் கடைகளுக்கு விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். பன்னிரண்டு வருடமாக இடியப்ப உரலைப் பிழிந்து பிழிந்து அவருடைய வலது தோள் தேய்ந்துவிட்டது. கை தோளுக்கு மேலே எழும்பாது. தலைமயிரைக் கட்டுவதற்குக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். பிழிவதை நிறுத்தாவிட்டால் கை இருக்கும், ஆனால் வேலைக்கு உதவாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

“உரலை விட்டால் தொழிலையும் விடோணும் தம்பி. பிறகு நான் என்னத்தைச் செய்யிறது? உம்மைமாதிரிக் கதிரையிலை இருந்து எழுதவோ?”

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒரு இயந்திரம். சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில் அரிசி நூடில்ஸ் இயந்திரம் செய்கிற சிறிய தொழிற்சாலை ஒன்று, இடியப்பத்துக்கு ஏற்றமாதிரி ஒன்றைச் செய்துதர ஒப்புக்கொண்டது. கட்டளைப் படிவத்தை அக்கா சொல்லச் சொல்ல நிரப்பியவன் நான். இயந்திரமும் தயாரானது. ஆனால் அவர்கள் அனுப்பிய காணொளியில் துளைகளுக்குக் கீழே இடியப்பம் வரவில்லை, மா மரத்தூள்போல் உதிர்ந்து கொட்டியது. இயந்திரம் பிழை என்றார் அக்கா. மா பிழை என்றார்கள் அவர்கள். மூன்று மாதம் இந்தச் சண்டை என் மேசை வழியாக நடந்தது. கடைசியில் அவர்கள் எழுதினார்கள்: உங்கள் மாவைக் கொண்டு ஒருவர் நேரில் வாருங்கள். பார்த்துச் சரி என்றால் அனுப்புகிறோம். இல்லையென்றால் இதை இத்துடன் விடுவோம்.

“விசா வேணுமோ தம்பி?” என்று கேட்டார் அக்கா.

“பிரெஞ்சுப் புத்தகம் இருந்தால் வேண்டாமாம் அக்கா.”

“என்னட்டைப் புத்தகம் இருக்குத்தானே!”

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். லா சப்பலில் படம் ஒட்டிய, பக்கங்கள் உள்ள எல்லாவற்றுக்கும் பெயர் புத்தகம். எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. அக்கா இரண்டு பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று புத்தகத்தை நீட்ட, அங்கிருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கடவுச்சீட்டு இல்லை அம்மா, அகதிகளுக்கான பயணப் பத்திரம்” என்றாளாம். அக்கா பிரெஞ்சுப் பிரஜை அல்ல. பிரான்சின் பாதுகாப்பில் இருப்பவர். சலுகை பிரஜைகளுக்கு மட்டும்.

அதே பெட்டிகளோடு அக்கா நேரே என் மேசைக்கு வந்தார். பெட்டியைத் திறந்து ஐந்து மாப் பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் படிவங்களின்மேல் வைத்தார்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை. நீர் போட்டு வாரும்.”

ரவியண்ணை கடையின் முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். “போ குகன். என்ன பொறி எண்டு பாத்துக்கொண்டு வந்து சொல்லு.”

பெட்டி அடுக்கும்போது மனைவி பொதிகளைப் பார்த்தாள். கோதுமை மாவை அவித்து அரித்து, வறுத்த அரிசி மாவோடு கலந்து, அக்கா தன் கையால் கட்டித் தந்த பொதிகள். “வெளிறின தூள் அஞ்சு பக்கெற். அதோடை இந்த மீசை. நல்லாத்தான் வரவேற்பினம்” என்றாள்.

நான் வேறு ஒரு பொதியும் கட்டினேன். சம்பளச் சீட்டு, வரிக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், மின்சாரச் சீட்டு, கல்யாணப் படம், மகளின் பள்ளிச் சான்றிதழ், தொழிற்சாலையின் அழைப்புக் கடிதம். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. விசா வேண்டாம் என்றால் விசாவுக்குக் கேட்பதை எல்லாம் அங்கே வாசலில் வைத்துக் கேட்கப்போகிறார்கள் என்பது என் கணிப்பு. 

குவாங்சோவில் இறங்கியதும் முதலில் கைரேகை எடுக்கும் இயந்திரம். கடவுச்சீட்டை வைத்தவுடன் அது என்னோடு பிரெஞ்சில் கதைத்தது. இடது கையின் நான்கு விரல்களையும் வைக்கும்படி தயவாகக் கேட்டது. நல்லவேளை பிரெஞ்சு. தமிழில் கதைத்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பேன்.

அடுத்து வருகை அட்டை. சின்னத் துண்டு. பெயர், இலக்கம், தங்குமிடம், வந்த காரணம். இவ்வளவுதானா? என் தொழிலுக்கே அவமானம். இவ்வளவு குறைவாகக் கேட்கிறார்கள் என்றால் கேட்காதது எங்கேயோ இருக்கிறது என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுக் கிழவர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: “அந்த ஆள் ஏன் அட்டையை முகர்ந்து பார்க்கிறான்?” நான் முகரவில்லை. கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

கூண்டுக்குள் இருந்த பெண் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்: “எவ்வளவு காலம்?”

“இருபத்தேழு வருடம்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாராவது அதிகாரி ‘எவ்வளவு காலம்’ என்றால் பிரான்சில் எவ்வளவு காலம் என்று சொல்லித்தான் என் வாய்க்குப் பழக்கம். அவசரமாக விரல்களை நீட்டி “ஐந்து நாள், ஐந்து நாள்” என்றேன். முத்திரை குத்தினார். நான் நகரவில்லை. மூன்று பிரதிகளும் இருந்த என் கோப்பைக் கூண்டின் ஓட்டைக்குள்ளால் தள்ளினேன். அவர் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார். மறுபடி தள்ளினேன். “வேண்டாம்” என்றார், பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். ஒரு கேள்விகூட இல்லை. என் கல்யாணப் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. மனம் கொஞ்சம் புண்பட்டுத்தான் நடந்தேன்.

கேள்வி சுங்கத்தில் காத்திருந்தது. பெட்டி படம்பிடிக்கும் இயந்திரத்துக்குள் போய் வந்ததும் ஒரு இளம் அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஐந்து பொதிகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். ‘இதோ வந்துவிட்டது’ என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு நிம்மதியும் வந்தது. சந்தேகப்பட்டது வீண்போகவில்லையே.

அதிகாரி மொழிபெயர்க்கும் தொலைபேசியை நீட்டி, எந்த மொழி என்று பட்டியலைக் காட்டினார். பிரெஞ்சு மேலேயே இருந்தது. நான் பேசாமல் அதைத் தொட்டிருக்கலாம். ஆனால் விரலால் தள்ளிக்கொண்டு கீழே போனபோது தமிழ் இருந்தது! சீனச் சுங்கத்தில் தமிழ்! நெஞ்சு விம்ம அதைத் தொட்டு, தெளிவாக, மேடைப் பேச்சாளர்போல் சொன்னேன்: “இது அவிச்ச மா.”

தொலைபேசி சீனத்தில் ஏதோ சொன்னது. அதிகாரியின் முகம் மாறியது. பொதிகளை விட்டுவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். சாரம், சட்டை, சப்பாத்து எல்லாவற்றையும் உதறினார். பெட்டியின் அடித்துணியைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் என் சப்பாத்துக்குள் கையை விட்டார். என்ன தேடுகிறார்கள் என்றே விளங்கவில்லை. கடைசியில் அந்த இளைஞர் தன் தொலைபேசியில் ஒரு படத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மாம்பழம். அதன்மேல் சிவப்புக் கோடு. பழம் கொண்டுவரக் கூடாது.

மா என்றால் யாழ்ப்பாணத்தில் இடியப்பத்துக்குக் குழைப்பது. தொலைபேசிக்குத் தமிழ் கற்பித்தவர் வேறு ஊர்க்காரர்போலும். அவருக்கு அது மாமரம். அவித்த மாம்பழங்களை எங்கே ஒளித்திருக்கிறேன் என்று இரண்டு அதிகாரிகள் கால்மணி நேரம் தேடியிருக்கிறார்கள். தமிழ்ப் பற்றை ஒத்திவைத்துப் பிரெஞ்சைத் தொட்டு “ஃபரின்” என்றேன். உடனே விளங்கிவிட்டது. ஒரு பொதியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு நான்கைத் திருப்பித் தந்தார்கள். இளைஞர் என் சட்டைகளை என்னைவிட அழகாக மடித்து வைத்தார். அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

அன்றிரவு விடுதியில் கடவுச்சீட்டை வாங்கிப் பிரதி எடுத்து, என்னையும் ஒரு படம் எடுத்தார்கள். வெளிநாட்டார் தங்கினால் பதிய வேண்டும் என்பது விதி. விடுதியே அதைச் செய்துவிடும் என்று நான் வாசித்திருந்தேன். வாசித்திருந்தும், அறைக்குள் போனதும் மேசைவிளக்கைப் பார்த்து, “நான் இடியப்ப விசயமாத்தான் வந்தனான்” என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் காலைச் சாப்பாடு என்னைக் கொஞ்சம் இளக்கியது. அரிசி மாவைக் கரைத்து, துணிபோல மெல்லியதாக அவித்து, சுருட்டி வெட்டி, மேலே சோயாச் சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். பிழியப் பஞ்சிப்பட்ட சோம்பேறி ஒருவர் இடியப்பத்தைத் தட்டையாகவே விட்டமாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு சுருளையும் பிரித்துப் பார்த்தேன். இறால். சம்பல் ஒன்றுதான் இல்லை. கடைக்காரி என் கோப்பைக்குள் வெந்நீரை ஊற்றினாள். தேயிலை எங்கே என்று காத்திருந்தேன். வரவில்லை. வெந்நீரையே குடிக்கிறார்கள். ரயில் நிலையத்தில் குழாயைத் திறந்தாலும் வெந்நீர். தொழிலாளி இடுப்பில் தொங்கும் குடுவையிலும் வெந்நீர்.

ரயிலில் வழமையான என் கெட்டித்தனம். உள்ளே போகும் தானியங்கிக் கதவு உள்ளூர் அட்டைகளுக்கானது; வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஓரத்தில் ஆள் நிற்கும் வாசல். எனக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றபிறகுதான் அது தெரிந்தது. வண்டிக்குள் அறிவிப்பில் நான் போகவேண்டிய ஊரின் பெயர்போல ஒன்று கேட்டது. குதித்து இறங்கினேன். அதே ஊர்தான், ஆனால் அதன் வடக்கு நிலையம். எனக்கு வேண்டியது தெற்கு. மாப்பெட்டியோடு ஒரு வாங்கில் குந்தியிருந்தபோது, தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவித்த சோளப்பொத்தியில் பாதியை முறித்து நீட்டினாள். லா சப்பல் மெத்ரோவில் தெரியாத ஒருவர் சோளம் நீட்டினால் வாங்குவேனா? வாங்கினேன். பசி சந்தேகத்தைவிடப் பழையது.

வடக்கு நிலையத்தில் நிற்கிறேன் என்று செய்தி அனுப்பியதும் லின் என்னைத் தேடிக் காரில் வந்தார். தொழிற்சாலை அவருடையது. நாற்பது வயதிருக்கும், நீல வேலையுடுப்பு, காதில் பென்சில். என்னைக் கண்டதும் தொலைபேசியை ஒலிவாங்கிபோல் பிடித்துக் கதைத்தார். தொலைபேசி, சென்னையில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் சொன்னது: “மதிப்பிற்குரிய குகன் அவர்களே, தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?”

என்னை மதிப்பிற்குரிய என்று விளித்தது வரிப்பணக் கடிதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இயந்திரம் குளிர்சாதனப்பெட்டி உயரம். மேலே மாவைக் கொட்டினால் தண்ணீரோடு குழைத்து, துளைகளால் தள்ளும். கீழே தட்டுகள் சுழன்று வரும். இழை வட்டமாக விழும். ஏற்பாடெல்லாம் வடிவு. முதற்பொதியைப் போட்டோம். மரத்தூள். இரண்டாவதில் தண்ணீரைக் கூட்டினோம். ஈரமான மரத்தூள். மூன்றாவதில் லின் வேகத்தைக் குறைத்தார். மெதுவாக விழும் மரத்தூள். எனக்குச் சமையல் தெரியாது. இடியப்பம் என்பது தட்டில் சொதியோடு பிறக்கிறது என்ற அளவில்தான் என் அறிவு. ஒரு பொதிதான் மிச்சம். பாரிசுக்குக் காணொளி அழைப்பு எடுத்தேன்.

அக்கா கறுத்த துணியால் தோளைக் கட்டியிருந்தார். பின்னால் உரல் தெரிந்தது.

“கிட்டக் காட்டும். இன்னும் கிட்ட. மாவிலை ஆவி வருதோ?”

“எந்த ஆவி அக்கா?”

அக்கா முகத்தைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“தம்பி. தண்ணி கொதிச்சதோ இல்லையோ?”

அப்போதுதான் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். என் கையெழுத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். கட்டளைப் படிவம். மா: இவ்வளவு. உப்பு: இவ்வளவு. அடுத்த வரியில் பிரெஞ்சில் ஒரே ஒரு சொல்: தண்ணீர். அன்று அக்கா, “சுடுதண்ணி தம்பி, கொதிக்கக் கொதிக்க” என்று இரண்டு தரம் சொன்னது இப்போது காதில் கேட்டது. நான் அப்போது ரவியண்ணையின் அரசியல் விளக்கத்தில் ஒரு காதை வைத்திருந்தேன். மூன்று மாதம் இரண்டு நாடுகள் சண்டைபிடித்தது என்னுடைய ஒரு சொல்லால். அக்காவின் தோள் அந்த மூன்று மாதமும் பிழிந்ததும் அதனால்தான்.

நல்ல மனிதன் என்றால் அந்த இடத்தில் ஒத்துக்கொண்டிருப்பான். நான் தாளைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்து மடித்து என் கோப்புக்குள் செருகினேன். பிறகு சொன்னேன்: “இவையள் பச்சைத்தண்ணியை விட்டிருக்கினம் அக்கா. ஒரு யோசினை இல்லாத சனம்.”

மேசையில் கிடந்த லின்னுடைய தொலைபேசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடித்த மறுவிநாடி அதே செய்திக்குரல் அதைச் சீனத்தில் கணீரென்று வாசித்தது. மாவை மாம்பழமாக்கிய அதே வகைத் தொலைபேசி, இதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்துவிட்டது என்பது லின்னின் முகத்தில் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். சுவரில் தாள் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து நிதானமாகக் கதைத்தார். குரல் அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னது:

“மதிப்பிற்குரிய அக்கா அவர்களே, தவறு எங்களுடையது. நாளை சரிசெய்வோம்.”

“பரவாயில்லை பிள்ளை” என்றார் அக்கா, மூன்று மாதத்தில் முதல்தடவையாக.

செய்யாத பிழையை ஒருவர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு முழு மீனை என் பக்கம் திருப்பி வைத்தார். அதன் கண் என்னையே பார்த்தது. சாப்பிட்டு முடியும்வரை பொறுத்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. லின் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே கதைத்தார்.

“எங்கள் நிறுவனத்திலும் படிவம் நிரப்புபவர் ஒருவர் இருக்கிறார். நான் அவரைத் திருமணம் செய்துள்ளேன்.”

கொதிநீர் பட்டால் உள்ளே இருந்த ரப்பர் வளையம் இளகிவிடும் என்று அன்று பின்னேரம் அதை மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை தொழிலாளர்கள் தங்கள் குடுவைகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். கேத்தல் ஒருபக்கம் கொதித்தது. கடைசிப் பொதி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தட்டில் இடியப்பம் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்லிய இழை, அறாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல். லின் அவற்றை மூங்கில் பெட்டியில் அடுக்கி அவித்தார். மூடியைத் திறந்ததும் வந்த வாசனைக்குத் தொழிற்சாலையே எட்டிப் பார்த்தது.

காணொளியில் அக்கா சோதனை நடத்தினார். “தூக்கும். நுனியைப் பிச்சுக் காட்டும். விரலிலை ஒட்டுதோ? இல்லையோ? சரி, இப்ப சாப்பிடும். கறி கிறி ஒண்டும் விடாமல்.”

சாப்பிட்டேன். லின் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘சரி’ என்று நான் சொன்னால் இயந்திரம் கப்பலேறும். பிறகு மாற்ற முடியாது. ஒரு படிவத்தில் சொல்லை விட்டவன் இந்தத் தடவை சொல்லைக் கூட்டிக் குறைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

“நல்லாயிருக்கு அக்கா. ஆனால் உங்கடை கை மாதிரி இல்லை.”

“என்ரை கை மாதிரி ஏன்? அது எனக்கு வேண்டாம்” என்றார் அக்கா. “கைக்குப் பதிலாத்தான் வேணும். தின்னலாமோ, இல்லையோ? அதைச் சொல்லும்.”

“தின்னலாம் அக்கா.”

“அப்ப சரியெண்டு சொல்லும்.”

சொன்னேன். பிறகு அக்கா ஒன்றைக் கவனித்தார். “வட்டம் கூடிப்போச்சு. அச்சிலை வாத்த மாதிரிக் கிடக்கு. எங்கடை சனம் சந்தேகப்படும். கொஞ்சம் கோணலாக்கச் சொல்லும்.” இதை லின்னுக்கு விளங்கப்படுத்த எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. செம்மையாக ஓடும் இயந்திரத்தைக் கொஞ்சம் தடுமாற வைக்கும்படி அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லையாம். காதிலிருந்து பென்சிலை எடுத்து, யோசித்து, தட்டின் அச்சாணியை ஒரு மயிரிழை விலக்கினார். அடுத்த தட்டில் விழுந்தது லா சப்பல் இடியப்பம்.

ஐந்தாம் நாள் வெளியேறும் வாசலில் மறுபடி முத்திரை. இப்போதாவது ஏதாவது கேட்பார்கள் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். கேட்கவில்லை.

ரவியண்ணை கதவிலேயே பிடித்தார். “என்ன பொறி?”

“ஒண்டும் இல்லை அண்ணை. போனன், வந்தன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உன்னையும் வாங்கிப்போட்டாங்கள்” என்றார்.

இயந்திரம் வந்து மூன்று மாதமாகிறது. கடைகளில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் அக்காவின் கைப்பக்குவம் இப்போது கூடியிருக்கிறது என்றார். அக்கா தோளுக்குப் பயிற்சி எடுக்கப் போய்வருகிறார். அந்தத் தண்ணீர் விசயத்தை நான் அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன். லின்னும் அக்காவும் இப்போது நேரடியாகத் தொலைபேசியில் கதைக்கிறார்கள், தேர்த் திருவிழாப் படமெல்லாம் போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

போன கிழமை ரூ பஜோலில் நடந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் அக்கா. என்னைக் கண்டதும் நின்றார். வலது கை மெல்ல எழுந்தது. முழங்கை, தோள், தோளையும் தாண்டித் தலைக்கு மேலே. லின் சொல்லிவிட்டார், அக்கா அடிக்க ஓங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு அடி பின்னால் வைத்தேன்.

“ஏன் தம்பி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?” என்று தெருவுக்குக் குறுக்கே கத்தினார் அக்கா. கை மேலேயே நின்றது. “பாரும், எழும்புது!”